மில் நின்ற மண்ணில் சிரிப்புக் கச்சேரி

ஆளப்படுகிறவன் சிரித்தால் ஆளுகிறவனுக்கு ஏன் நடுக்கம் எடுக்கிறது? அவனிடம் போலீஸ் இருக்கிறது, சிறை இருக்கிறது, கஜானா இருக்கிறது, பக்கம் பக்கமாகப் புகழ் பாடப் பத்திரிகைகள் இருக்கின்றன. எதிரே நிற்பவனிடம் இருப்பதோ ஒரு கிதாரும் ஒரு கேலிப் பாட்டும்தான். இருந்தும் அந்தப் பாட்டைக் கேட்டு மந்திரிமார்களின் தூக்கம் கெடுகிறது. 2025 மார்ச் மாதம் மும்பையில் நடந்த அட்டூழியம் இதற்குச் சாட்சி. அந்தச் சம்பவத்தைப் பற்றியும், பெருநகரங்களில் இன்று முளைத்து வரும் விகடப் பாட்டுக் கோஷ்டிகளைப் பற்றியும் நமது அபிப்பிராயத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

“இது படித்த வாலிபர்களின் பொழுதுபோக்கு. மில்லில் தறி ஓட்டுகிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இதில் என்ன வந்தது?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

அது என்ன கச்சேரி?

ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். வேஷம் கிடையாது, திரை கிடையாது. ஒரே ஒரு ஆள் மைக்கின் முன்னால் நின்று, தன் வீட்டுக் கதை, தெருக் கதை, நாட்டுக் கதை எல்லாவற்றையும் பேசி ஜனங்களைச் சிரிக்க வைக்கிறார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலையைத் தனியாக நின்று செய்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இரவு ஏழெட்டு மணிக்கு மேல், ஒரு ஹோட்டல் மாடியிலோ காப்பிக் கடையின் பின் அறையிலோ ஐம்பது நூறு நாற்காலிகளைப் போட்டு, டிக்கெட் வைத்து நடத்துகிறார்கள். புதியவர்களுக்கென்று தனி இரவு உண்டு. ஆளுக்கு நாலைந்து நிமிஷம்.

இந்தப் பேச்சாளர்களுக்கு நடுவே பாட்டுக் கோஷ்டிகளும் மேடை ஏறுகின்றன. ஒருவர் கிதார் வாசிப்பார், ஒருவர் பாடுவார், ஒருவர் நடு நடுவே பேசுவார். எல்லோருக்கும் மனப்பாடமான சினிமா மெட்டு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். மெட்டு அதேதான், வார்த்தை மட்டும் மாறிவிடும். காதலியைப் பார்த்துப் பாடிய மெட்டில் மந்திரியைப் பார்த்துப் பாடுவார்கள். மெட்டு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் கேட்பவரின் காது முழுவதும் வார்த்தையிலேயே இருக்கும். வர வேண்டிய வார்த்தை வராமல் வேறொன்று வந்து விழும்போது சிரிப்பு வெடிக்கும். தேர்தல் காலத்தில் நம் தோழர்கள் சினிமா மெட்டில் பாட்டுக் கட்டுகிறார்களே, அதே வித்தைதான்.

வடக்கே இப்படிப் பெயரெடுத்த கோஷ்டி ஒன்றின் பெயர் ‘ஐசி தைசி டெமாக்ரசி’. ஜனநாயகம் படுகிற பாட்டை ஏசிக் காட்டும் பெயர் அது. 2014ல் கிளம்பிய இந்தக் கோஷ்டியில் மூன்று பேர். ஒருவர் ராகுல் ராம். ‘இந்தியன் ஓஷன்’ என்ற பிரபல இசைக் குழுவில் பாடி கிதார் வாசிப்பவர். நர்மதை அணையால் வீடு வாசல் இழந்த மக்களின் இயக்கத்தில் வேலை செய்தவர். இன்னொருவர் வருண் குரோவர், சினிமாவுக்குப் பாட்டும் கதையும் எழுதுபவர். மூன்றாமவர் சஞ்சய் ரஜௌரா, கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு மேடைக்கு வந்தவர்.

1968ல் வந்த ‘படோசன்’ என்ற இந்திப் படத்தில், எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்துப் பாடுகிற காதல் பாட்டு ஒன்று உண்டு. ஜன்னல் இருந்த இடத்தில் தேசத்தின் எல்லையை வைத்து, இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு காலம் தள்ளுவதை இந்த மூவரும் 2015ல் கேலி செய்து பாடினார்கள். யுத்த வெறியைக் கிளப்பி ஓட்டுப் பொறுக்குகிறவர்களுக்கு அது எப்படி இனிக்கும்?

செங்கொடியின் சிரிப்பு

இது சீமையிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று முதலாளித்துவப் பத்திரிகைகள் எழுதுகின்றன. லண்டனில் 1979ல் ‘காமெடி ஸ்டோர்’ என்ற அரங்கம் பிறந்ததாம், அதன் கிளை 2010ல் மும்பையில் திறந்ததாம், அதன் பிறகே இந்தியாவில் இந்தக் கலை வளர்ந்ததாம். நாற்காலியும் டிக்கெட்டும் வேண்டுமானால் லண்டனிலிருந்து வந்திருக்கலாம். அதிகாரத்தைப் பார்த்து மெட்டுப் போட்டுச் சிரிக்கும் கலையை பம்பாய்த் தொழிலாளிக்கு எந்த வெள்ளைக்காரனும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை.

பம்பாயின் நடுவே ‘கிரண்காவ்’ என்று ஒரு வட்டாரம். மில் ஊர் என்று பொருள். அங்கே 1944ல் மூன்று தோழர்கள் சேர்ந்து ‘லால் பாவ்டா கலாபதக்’ என்ற கோஷ்டியை அமைத்தார்கள். செங்கொடிக் கலைக் குழு என்று அர்த்தம். அண்ணாபாவ் சாத்தே, அமர் ஷேக், டி. என். கவாண்கர் என்பவர்களே அந்த மூவர். அண்ணாபாவ் சாத்தே 1920ல் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளான மாங் ஜாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்து மில்லில் வேலை செய்தவர். மராத்திய மொழியில் கதைகளும் நாவல்களும் எழுதிக் குவித்தவர்.

மராத்திய கிராமங்களில் ‘தமாஷா’ என்ற கூத்து உண்டு. டோல்கி என்ற மத்தளம் முழங்க, துண்டுணே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒலிக்க, பாட்டும் ஆட்டமும் நடக்கும். நடுவே கோமாளி புகுந்து பெரிய மனிதர்களின் மானத்தை வாங்குவான். செங்கொடித் தோழர்கள் இந்தக் கூத்தை எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் பிள்ளையாருக்குப் பாடும் வணக்கத்தை மாற்றி, மண்ணுக்கும் மடிந்த தியாகிகளுக்கும் வணக்கம் பாடினார்கள். பிறகு ஜமீன்தாரும் லேவாதேவிக்காரனும் மில் முதலாளியும் கோமாளியின் வாயில் சிக்கிச் சின்னாபின்னமானார்கள். ஷிப்டு முடிந்து வந்த தொழிலாளி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்தவன் மறுநாள் மேஸ்திரியின் முன்னால் பழைய மாதிரி கை கட்டி நிற்கவில்லை.

இதைக் கண்டு பொறுக்குமா சர்க்காருக்கு? சுதந்திரம் வந்த கையோடு பம்பாய் காங்கிரஸ் சர்க்கார் தமாஷாவுக்குத் தடை போட்டது. தோழர்கள் அசரவில்லை. ‘தமாஷாவுக்குத்தானே தடை? இது லோகநாட்டியம், மக்கள் நாடகம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆடினார்கள். சர்க்காரின் உத்தரவையே ஒரு தமாஷ் ஆக்கிவிட்டார்கள்!

மில் போய் மால் வந்தது

அந்த மில் ஊரின் கதி என்னவாயிற்று? 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். ஓராண்டுக்கு மேல் போராடினார்கள். பண்டம் பாத்திரத்தை விற்று அரை வயிற்றுக் கஞ்சி குடித்தார்கள். முதலாளிகள் இறங்கி வரவில்லை. அந்த வேலைநிறுத்தம் முறைப்படி வாபஸ் பெறப்படவே இல்லை. ஆனால் மில்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நூலை விட நிலத்தில் லாபம் அதிகம் என்று முதலாளிகள் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

1991ல் ஒரு விதி வந்தது. மில் நிலத்தை விற்கவோ கட்டவோ வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்களுக்குத் திறந்தவெளியாகவும், ஒரு பங்கு சாமானியர் வீட்டு வசதிக்கும், ஒரு பங்கு முதலாளிக்கும் போக வேண்டும் என்றது அந்த விதி. 2001ல் அதைத் திருத்தினார்கள். கட்டடம் நிற்கும் நிலத்துக்குப் பங்கீடு வேண்டாம், காலியாகக் கிடக்கும் நிலத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்று ஆக்கினார்கள். 2006ல் சுப்ரீம் கோர்ட்டும் அது சரியே என்றது. பூங்காவும் தொழிலாளி வீடும் சுருங்கின. வானத்தை முட்டும் மாளிகைகள் வளர்ந்தன.

லோயர் பரேலில் 1905ல் தொடங்கிய பீனிக்ஸ் மில் இப்படித்தான் பகட்டான கடைவீதி ஆயிற்று. தொழிலாளர்களின் பொழுதுபோக்குக்கு என்று சொல்லி அனுமதி வாங்கிய இடத்தில், பணக்காரப் பிள்ளைகள் பந்து உருட்டி விளையாடும் களிக்கூடம் வந்தது என்று அந்நாளில் பத்திரிகைகள் எழுதின. தோழர்களே, இதை விட ஒரு விகடத்தை எந்த மேடையில் யார் சொல்லிவிட முடியும்?

2010ல் லண்டன் காமெடி ஸ்டோரின் கிளை திறந்தது எங்கே தெரியுமா? இதே பீனிக்ஸ் மில் வளாகத்தில்! தறி ஓடிய மண்ணில் சிரிப்பு விற்பனைக்கு வந்தது. டிக்கெட் விலை சில நூறு ரூபாய். ஒரு விவசாயக் கூலிப் பெண்ணின் ஒரு நாள் கூலி அந்த ஒரு டிக்கெட்டுக்கே போய்விடும். மில்லையும் பறித்து, மேடையையும் பறித்து, வாசலில் காவல்காரனையும் நிறுத்திவிட்டார்கள்.

நாற்காலி செய்த குற்றம் என்ன?

அப்படியானால் பணக்காரர் மால் மேடையில் பாடுகிறவன் எக்கேடு கெட்டால் நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? கூடாது. ஏன் என்பதற்கு மும்பைச் சம்பவமே பதில்.

குணால் காம்ரா என்ற விகடப் பேச்சாளர், 1997ல் வந்த ‘தில் தோ பாகல் ஹை’ என்ற படத்தின் மெட்டில் ஒரு கேலிப் பாட்டுப் பாடினார். 2022ல் சிவசேனையை உடைத்துக்கொண்டு வந்து முதலமைச்சரானவரும், அப்போது துணை முதலமைச்சராக இருந்தவருமான ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் துரோகி என்று குத்தியது அந்தப் பாட்டு. 2025 மார்ச் 23 அன்று அதன் ஒளிப்பதிவு வெளியாயிற்று. அன்று இரவே ஷிண்டே கட்சியினர், பாட்டு பதிவான ‘ஹாபிடாட்’ என்ற அரங்கத்துக்குள் புகுந்தார்கள். பாடியவர் அங்கே இல்லை. மேடையில் வேறொருவர் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். ஆனால் நாற்காலிகள் இருந்தன. அவற்றை உடைத்தார்கள்!

மறுநாள் மாநகராட்சிக்காரர்கள் சுத்தியலோடு வந்தார்கள். அத்துமீறிய கட்டுமானமாம்! அது வரையில் அவர்கள் கண்ணில் படாத அத்துமீறல், பாட்டு வெளியான மறுநாள் பட்டுவிட்டது. உடைத்தவர்களில் 12 பேர் கைதாகி அன்றைக்கே ஜாமீனில் வெளியே வந்தார்கள். பாடியவர் மீது வழக்கு. அரங்கத்துக்குப் பூட்டு.

காம்ரா விழுப்புரம் மாவட்டத்தில் குடியிருப்பவர். ஆகவே அவர் சென்னை ஹைகோர்ட்டை அணுகினார். மார்ச் 28 அன்று கோர்ட் அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் கொடுத்தது. அதே நாளில் வேறொரு வழக்கில், ஒரு கவிதைக்காக ஒரு எம்.பி. மீது போட்ட வழக்கை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்து, கவிதையும் நாடகமும் மேடை விகடமும் கேலியும் மனித வாழ்வுக்குப் பொருள் சேர்ப்பவை என்று சொன்னது. ஏப்ரலில் பம்பாய் ஹைகோர்ட்டும், காம்ராவைக் கைது செய்யக் கூடாது, விசாரிக்க வேண்டுமானால் சென்னைக்குப் போய் விசாரியுங்கள் என்று உத்தரவிட்டது.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனவ்வர் பாரூக்கி என்ற இளம் விகடப் பேச்சாளரைக் கைது செய்தார்கள். பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஒருவரின் மகன் கொடுத்த புகார். அன்று மேடையில் அவர் சொல்லாத விகடத்துக்காக ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். அவரோடு கைதான உள்ளூர் இளைஞர் ஒருவர், வெளியே வந்த பிறகு மேடை கிடைக்காமல் கூலி வேலைக்குப் போனார். பாட்டின் மீது விழுகிற அடி கடைசியில் யார் வயிற்றில் விழுகிறது பாருங்கள்.

பழைய நோய்

இந்த நோய் புதிதல்ல. இங்கிலாந்து இளவரசனைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கு அழைத்து உபசரித்த ஒரு கல்கத்தா வக்கீலை, நாடகக்காரர்கள் மேடையில் ஏற்றிக் கேலி செய்தார்கள். உடனே வெள்ளைக்கார சர்க்கார் 1876ல் நாடகச் சட்டம் கொண்டுவந்தது. வெள்ளைக்காரன் போன பிறகு, நம் சென்னை ராஜ்யத்தில் எம். ஆர். ராதாவின் நாடகங்களை ஒடுக்குவதற்காக 1954ல் ஒரு நாடகச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் சொல்வதற்கு 2013ம் வருஷம் ஆயிற்று. வெள்ளைக்காரனின் சட்டம் 2018ல்தான் ஏட்டிலிருந்து நீங்கியது. ஏட்டிலிருந்து நீங்கினால் என்ன? சாராயக் கடைகளை எதிர்த்தும் அன்றைய முதலமைச்சரைக் கேலி செய்தும் பாடியதற்காக, 2015 அக்டோபரில் பாடகர் கோவனைத் திருச்சியில் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள். கட்சி மாறினாலும் நாற்காலி மாறுவதில்லை. அதில் உட்கார்ந்தவனுக்குச் சிரிப்பு ஆகாது.

மேடையைத் தேடி அடியாள் வருகிறான் என்றால், நாளை மில் கேட்டில் நடக்கும் கூட்டத்துக்கும் அதே அடியாள் வருவான். 1989 ஜனவரி 1 அன்று டில்லிக்கு அருகே சாஹிபாபாத்தில், தொழிலாளர் குடியிருப்பில் தெரு நாடகம் போட்டுக்கொண்டிருந்த தோழர் சப்தர் ஹஷ்மியைத் தாக்கினார்கள். மறுநாள் அவர் உயிர் நீத்தார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் கொல்லப்பட்டார். ஜனவரி 4 அன்று ஹஷ்மியின் துணைவி மாலயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார்கள். எனவே மும்பையில் உடைந்த நாற்காலி நம் நாற்காலியும்தான்.

தடியும் பணப்பையும்

ஆதரிக்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கை தட்ட மாட்டோம். இந்தக் கோஷ்டிகளிடம் நாம் சொல்ல வேண்டியதும் உண்டு.

பாட்டைக் கொல்லுகிற கருவி தடி ஒன்றுதானா? பணப்பையும் கொல்லும். பெரிய கம்பெனிகள் தங்கள் விழாக்களுக்கு விகடக் கோஷ்டிகளை அழைக்கின்றன. கூலி கொழுத்த கூலி. ஆனால் அரசியல் பேசாதே, மதம் பேசாதே, கம்பெனியைப் பேசாதே! மீதி என்ன இருக்கிறது? மாமியாரும் மருமகளும், குண்டானவனும் கறுத்தவனும், கிராமத்தானின் இங்கிலீஷும்! அடியாள் வாயை அடைக்கிறான். கம்பெனி வாய்க்கு வாடகை கொடுக்கிறது. இரண்டின் பலனும் ஒன்றே.

சின்னக் கோஷ்டிகளின் நிலையோ பரிதாபம். பல அரங்கங்களில் புதியவருக்குச் சல்லிக் காசு கூலி இல்லை. சில இடங்களில் ஐந்து நிமிஷம் பாடுவதற்கு அவரே பணம் கட்ட வேண்டும். டிக்கெட் காசும் தின்பண்டக் காசும் அரங்கத்தானுக்கு. கை தட்டல் மட்டும் பாடினவனுக்கு. பயிற்சித் தொழிலாளி என்று சொல்லிச் சம்பளமில்லாமல் தறியில் நிறுத்திய மில் மேஸ்திரியின் பித்தலாட்டம் இதிலிருந்து எந்த விதத்தில் வேறு? இவர்களும் தொழிலாளிகளே. இவர்களுக்கும் சங்கம் வேண்டும்.

சிரிப்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதும் முக்கியம். மும்பைப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஷிண்டே ஒரு காலத்தில் ஆட்டோ ரிக்‌ஷா ஓட்டியவர். ரிக்‌ஷாவும் அந்தப் பாட்டில் வருகிறது. ஆட்டோ ஓட்டுவது கேவலமா? ஒருக்காலும் இல்லை. அது நெற்றி வேர்வையில் உண்ணும் சோறு. ஆட்டோ ஓட்டியதற்காக ஒருவரைப் பார்த்து நகரத்து மேடை சிரிக்குமானால், அந்தச் சிரிப்பில் நாம் கலந்துகொள்ள மாட்டோம். ஜனங்கள் போட்ட ஓட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கட்சி தாண்டியதற்காகச் சிரிப்பதானால், முதல் வரிசையில் உட்கார்ந்து சிரிப்போம். கீழே கிடப்பவனைப் பார்த்துச் சிரிப்பது ஜமீன்தார் வீட்டு விகடம். மேலே ஏறி மிதிப்பவனைப் பார்த்துச் சிரிப்பதே நம் விகடம்.

நாம் செய்ய வேண்டியது

வசை பாடிவிட்டுச் சும்மா இருப்பது நம் வழக்கமல்ல. நம் தொழிற்சங்கங்களுக்குக் கட்டடங்கள் இருக்கின்றன. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு ஊர் ஊராகக் கொடி மரங்கள் இருக்கின்றன. மே தினத்திலும் மாநாட்டிலும் பேச்சாளர் வரும் வரையில் ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு அலறுகிறது. அந்த அரை மணி நேரத்தை இந்த வாலிபர்களுக்குக் கொடுப்போம். டிக்கெட் வேண்டாம், காவல்காரன் வேண்டாம். உண்டியல் குலுக்கி அவர்கள் கூலியைக் கொடுப்போம். அரங்கம் கிடைக்காத கோஷ்டிக்குச் சங்கக் கட்டடத்தின் கதவைத் திறந்துவிடுவோம். அடியாள் வந்தால் அங்கே காலி நாற்காலிகள் இருக்காது, ஆட்கள் இருப்பார்கள்.

வெளியூர்க் கோஷ்டிக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. பஞ்சாலையில் இரவு ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க மேஸ்திரி மாதிரி நடந்து காட்டுகிற தோழர் ஒருவர் எந்த டிபார்ட்மெண்டில் இல்லை? நடவு வயலில் மிராசுதாரின் இருமலைப் பாட்டாக்கி இழுக்கிற அக்கா எந்த ஊரில் இல்லை? அவர்கள் கையில் ஒரு மைக்கைக் கொடுங்கள். அளவு குறைத்துப் போடுகிற கங்காணியும், சம்பளப் பாக்கி வைத்துவிட்டுக் கோயிலுக்குத் தங்கக் கவசம் செய்கிற முதலாளியும், தேர்தலுக்குத் தேர்தல் சேரிக்குள் நுழைந்து கஞ்சி குடிக்கிற வேட்பாளரும் அந்த மேடையில் ஏறட்டும். அவர்களைப் பார்த்து ஊரே ஒரு தரம் வாய்விட்டுச் சிரித்துவிட்டால், மறுநாள் மனு கொடுக்கப் போகிறவனின் கால் நடுங்காது.

அண்ணாபாவ் சாத்தேயும் அவர் தோழர்களும் டிக்கெட் போட்டு மாடி அறையில் பாடவில்லை. மில் வாசலில் பாடினார்கள். அந்த மில்லை இடித்துவிட்டார்கள். பாட்டை இடிக்க முடியவில்லை. அதை மறுபடியும் வாசலுக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு.